ஒரே ஒரு பேட்டரி

செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியக் கப்பலில், ரிக்கே தீவை விட்டுப் போனாள். ஃபாரோ தீவுகளில் அவளுக்கு மருத்துவச்சி வேலை கிடைத்திருந்தது. எங்கள் தீவில் ஒருவர் ஊரை விட்டுப் போனால் அதற்கொரு முறை உண்டு. வழியனுப்ப வந்தவர்கள் துறைமுகச் சுவரில் வரிசையாக நின்று, அலைத்தடுப்பின் முனையில் இருக்கும் பச்சை விளக்கைக் கப்பல் தாண்டும்வரை கையசைக்க வேண்டும். நடுவில் கையை இறக்கியவர் யார் என்பது அடுத்த கோடைவரை பேசப்படும். மழை பெய்தாலும், தோள் வலித்தாலும், போகிறவரைப் பிடிக்காமலே இருந்தாலும் அசைக்கத்தான் வேண்டும். பிடிக்காதவர் என்றால் சிலர் இன்னும் உற்சாகமாகவே அசைப்பார்கள்.

அன்றைக்கும் எல்லாரும் அசைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், ரிக்கேயின் கையில் பிறந்த குழந்தைகள், அவற்றைத் தூக்கி வந்த தாய்மார்கள் எல்லாரும். அசைக்காதவள் ஒருத்திதான். கப்பலுக்கு முதுகைக் காட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, செருப்புப் பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியை முகத்தில் கட்டிக்கொண்டு, மடியிலிருந்த ரிமோட்டை இரண்டு கட்டைவிரல்களாலும் நெருடிக்கொண்டிருந்தாள். ரிக்கேயின் சொந்தத் தங்கை. பெயர் ஆஸ்டா.

ஈரமில்லாதவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் துறைமுகத்தில் மற்ற எல்லாரையும்விட நன்றாகக் கையசைத்தவள் தானே என்பது அவள் கட்சி. முதுகைக் காட்டிக்கொண்டு எப்படி அம்மா கையசைத்தாய் என்று கேட்பீர்கள். அது புரிய வேண்டுமானால் அவள் எந்த இனத்தைச் சேர்ந்தவள் என்று முதலில் தெரிய வேண்டும்.

கண்ணாடி மாட்டி ட்ரோன் ஓட்டத் தொடங்கியவர் என்பது அந்த இனம். நன்றாகக் கவனியுங்கள்: ஓட்டுபவர் அல்ல, ஓட்டத் தொடங்கியவர். ஓட்டுபவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படங்களை நாம் பார்க்கிறோம். மலை விளிம்பில் உரசி, அருவியோடு சேர்ந்து விழுந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறார்கள். தொடங்கியவர் பீட்ரூட் வயலில் நிற்கிறார். உள்ளங்கையளவு ட்ரோன், அதன் நெற்றியில் ஒரு கேமரா, அது பார்ப்பதெல்லாம் இவர் முகத்திலிருக்கும் கண்ணாடிக்குள் தெரியும். அதாவது உடம்பு நாற்காலியில் இருக்கும், கண் மட்டும் பறக்கும். புத்தி இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ.

ஆஸ்டா இதில் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆறு வருஷம் உலகம் சுற்றியவள். தஸ்மானியாவில் ஆப்பிள் பறித்தாள், ஜார்ஜியாவில் குதிரை லாயம் கழுவினாள், சிலியில் எதற்கென்றே தெரியாமல் ஒரு குளிர்காலம் இருந்தாள். எங்கே போனாலும் மூன்றாம் வாரம் கால் அரிக்கும். கையிருப்பு கரைந்து ஒரு ஜனவரியில் தீவுக்குத் திரும்பி, அக்காவின் வீட்டு மாடி அறையில் பையை இறக்கிய ஒரு மாதத்துக்குள் அவள் மூன்று முறை கட்டிலை இடம் மாற்றிப் போட்டாள். அப்படிப்பட்டவளிடம், உட்கார்ந்த இடத்திலிருந்தே போய் வரலாம் என்று ஒரு விளம்பரம் சொன்னால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் ஆகாது. இந்த இனம் முதலில் படிக்கும். படிக்கும் என்றால் கையேட்டை அல்ல. கையேட்டின் முதல் பக்கத்தோடு இவர்களுக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்துவிடும். ‘தொடக்கத்தினர் செய்யும் பத்துத் தவறுகள்’ என்ற வகையில் வரும் காணொளிகளை, பல் தேய்க்கும்போதும் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அந்தப் பத்தையும் வரிசை மாறாமல் செய்வார்கள். இதற்கிடையில் பேச்சு மட்டும் தேறிவிடும். ஒருமுறைகூட எதையும் பறக்கவிடாத ஆஸ்டா, பிப்ரவரி மாத மத்தியில், கப்பலில் பக்கத்து இருக்கைக்காரரிடம், காற்று சீராக வீசவில்லை என்ற பொருளில், “இன்னைக்குக் காத்து சுத்தமா இல்லைங்க” என்று தலையாட்டினாள். அவர் ஆஸ்துமாக்காரர். பயந்து ஜன்னலைச் சாத்தினார்.

பிறகு கணினியில் பயிற்சி. அது ஒரு விளையாட்டு மாதிரி. திரையில் ட்ரோன் பறக்கும், விழும், உடையும், பொத்தானை அழுத்தினால் மறுபடி முழுசாக எழுந்து நிற்கும். இந்த வகை ட்ரோனுக்கு ஒரு குணம் உண்டு. ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தால் மற்ற ட்ரோன் மாதிரி தானாக நிமிர்ந்து நிற்காது. சாய்த்த பக்கமே சாய்ந்தபடி போய்க்கொண்டிருக்கும். தானாக நிமிர வைக்கும் வசதியும் உள்ளே இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொள்வது, பெரியவர்கள் முன்னால் சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி. ஆகவே ஆஸ்டா அதை முதல் நாளே அணைத்தாள். யாரும் பார்க்காதபோது போட்டுக்கொண்டாள்.

சமையலறையில்தான் முதல் நிஜப் பறப்பு. முதலில் திரைச்சீலை. அடுத்தது ஆஸ்டாவின் சொந்தத் தலைமுடி, கத்தரிக்கோல் தேவைப்பட்டது. மூன்றாவது பறப்பின்போது ரிக்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி இது, என் தட்டுல?”

“தரையிறக்கம், அக்கா.”

“ஈரல் பசை மேலயா?”

“அவசரத் தரையிறக்கம்.”

ரிக்கே கறுப்பு ரை ரொட்டியிலிருந்து ட்ரோனைப் பிடுங்கி, அதன் இறக்கைகளில் அப்பியிருந்த ஈரல் பசையை ரொட்டியின் விளிம்பால் வழித்து, அந்த ரொட்டியைச் சாப்பிட்டாள். அவள் அப்படிப்பட்டவள். இருபது மைல் சுற்றளவில் இரட்டைக் குழந்தை கால் முன்னால் வந்தாலும் குரலை உயர்த்தாதவள்.

“இனிமே வெளியிலதான்” என்றாள்.

“வெளியில தனியா ஓட்டக்கூடாது அக்கா. சட்டம். கண்ணாடி மாட்டினவங்க பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். வெறுங்கண்ணால ட்ரோனைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

“எதுக்கு?”

“கண்ணாடியை மாட்டிட்டா எனக்குச் சுத்தி நடக்கறது ஒண்ணும் தெரியாதில்ல.”

“இப்ப மட்டும் தெரியுதாக்கும்.”

ஆனாலும் வந்தாள். வாசகரே, இந்த இனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஓட்டுகிறவரைப் பற்றியே பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி எந்தக் காணொளியும் கிடையாது. அவர் வேலை என்ன? காற்றில் நிற்க வேண்டும். மூக்கு ஒழுகினால் துடைக்கலாம், ஆனால் அண்ணாந்தபடியே துடைக்க வேண்டும். பறக்கிற சுகம் அவருக்குக் கிடையாது. அவர் பார்ப்பது ஒரு புள்ளி. புள்ளி வேலிப் பக்கம் போனால் “வேலி” என்று சொல்ல வேண்டும். பசு வந்தால் “பசு.” ஒன்றும் வராவிட்டால், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக, அவ்வப்போது “கண்ணுல இருக்கு” என்று சொல்ல வேண்டும்.

ரிக்கே அதை அப்படியே செய்தாள். ஞாயிறு மதியம், பீட்ரூட் வயல் ஓரம், நீல மழைச்சட்டையின் தொப்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு, “கண்ணுல இருக்கு… வேலி… கண்ணுல இருக்கு… பசு… இன்னொரு பசு… கண்ணுல இருக்கு.” ஒருநாள் பறவை பார்க்கும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

“அதெல்லாம் கூடாது. வெறுங்கண்ணுதான்” என்றாள் ஆஸ்டா.

“தூரமாப் போனா தெரியலடி.”

“தெரியற தூரத்துலதான் ஓட்டுவேன்.”

ஓட்டினாளா? இந்த இனம் எதையும் தெரிகிற தூரத்தில் ஓட்டாது.

கையேடு முழுவதையும் படித்தவளும் ரிக்கேதான். படங்களுக்கு அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட. கண்ணாடியின் முன்பக்கத்தில் ஒரு தட்டை ஆன்டெனா இருக்கிறது, ட்ரோன் பறக்கும் திசைக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தால்தான் படம் ஒழுங்காக வரும், முதுகைக் காட்டினால் தலையே மறைத்துவிடும் என்று அதில் இருந்தது. ரிக்கே படித்துச் சொன்னாள்.

“படம் என் மூக்குக்கு முன்னாடி தெரியுது. நான் எந்தப் பக்கம் பார்த்து உக்காந்தா என்ன?” என்றாள் தங்கை.

ட்ரோன் இடப்பக்கம் போனால், ரிக்கே தங்கையின் தோளைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். “தோளைத் தொடாதே அக்கா, கை ஆடுது” என்று ஒவ்வொரு முறையும் ஆஸ்டா சிடுசிடுத்தாள். படம் எப்போதும் தெளிவாக வந்தது. நல்ல கருவி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இனி இந்த இனத்தின் மந்திரத்துக்கு வருவோம். ஒரு பேட்டரி சில நிமிஷம்தான் தாங்கும். அதனால் ஒருவரும் ஒன்றோடு வருவதில்லை. பை நிறையக் கொண்டு வருவார்கள். மழை மேகம் தலைக்கு மேல் வந்து நிற்கும். பக்கத்தில் நிற்பவரின் உதடு நீலமாகிவிடும். வீட்டில் அடுப்பில் பன்றி இறைச்சி ஏறியிருக்கும். அப்போது கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: “ஒரே ஒரு பேட்டரி.” நமக்கெல்லாம் ஒன்று என்றால் ஒன்று. இவர்கள் ஊரில் ஒன்று என்பது கையில் மீதி இருப்பது எவ்வளவோ அவ்வளவு.

“ஒண்ணுன்னியே?”

“அது அரைகுறை பேட்டரி. கணக்குல சேராது.”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டியே?”

“அது சூடு ஏத்த.”

“யாருக்குச் சூடு? எனக்கா?”

உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று சொன்னேனே தவிர, சும்மா உட்கார்ந்திருப்பார் என்று சொல்லவில்லை. ட்ரோன் வளைந்தால் தொடங்கியவரும் வளைவார். மேலே ஏறினால் முகவாய் ஏறும். ஒரு கிளைக்கு அடியில் புகுந்தால், அரை மைல் தள்ளி வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பவர் தலையைக் குனிவார். பெரிய வளைவு ஒன்றில் ஆஸ்டா நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். விழுந்தவள் விழுந்த வாக்கில், கன்னம் மண்ணில் பதிய, ஓட்டிக்கொண்டே இருந்தாள். “கண்ணுல இருக்கு” என்றாள் ரிக்கே. “ட்ரோனும் இருக்கு.”

ட்ரோன் புல்லில் விழுந்து தொலைந்தால் பீப் பீப் என்று கத்தும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இதுவும் நல்ல ஏற்பாடுதான். ஏப்ரலில் ஒரு மைனா வகைப் பறவை, தேவாலயக் கூரையில் கூடு கட்டுவது, அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்டது. அதன் பிறகு ஆஸ்டா, தொலைந்த ட்ரோனைத் தேடிக் கல்லறைத் தோட்டத்து எல்ம் மரத்தில் பாதிவரை ஏறினாள். ட்ரோன் அதுவரை அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. இதைப் பார்த்தவர் ஆர்கன் வாசிப்பவர் மட்டும். அவர் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். தீவில் எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

ஆனால் வாய்க்கால் கதைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை.

மே மாதம். ட்ரோன் வயலின் அந்தக் கோடியில் குப்புற விழாமல் நிமிர்ந்தே விழுந்துவிட்டது. கேமரா வேலை செய்தது. கண்ணாடிக்குள் புல்லும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. அனுபவசாலிகள் கண்ணாடியைக் கழற்றாமல் நடந்துபோய்த் தேடுவார்கள், கிட்டே போகப் போகப் படம் தெளிவாகும் என்று எதிலோ பார்த்திருந்தாள். எழுந்து நடந்தாள்.

“ஆஸ்டா, நில்லு” என்றாள் ரிக்கே.

“பேசாதே. படம் தெளிவாகுது.”

தெளிவாகத்தான் ஆனது. புல்லுக்கு அப்பால் தூரத்தில் ஒரு உருவம் நடந்து வந்தது. இரண்டு கையையும் முன்னே நீட்டி, முகத்தில் பெட்டியோடு, தூக்கத்தில் நடக்கிற மாதிரி. யாரடா இந்தப் பைத்தியம் என்று ஆஸ்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த உருவத்துக்கு நேர் முன்னால் வாய்க்கால் இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. ட்ரோன் பார்க்கிறதே, தெரியாமல் என்ன? விழப் போகிறது பார், விழப் போகிறது பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உருவம் விழுந்தது. வாய்விட்டுச் சிரித்த அந்த வாய்க்குள் வாய்க்கால் தண்ணீர் புகுந்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

ரிக்கே கரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். சிரிப்பில் அவளாலும் பேச முடியவில்லை. அந்தச் சிரிப்போடுதான், தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடக்கும்போது, செய்தியைச் சொன்னாள்.

“எனக்கு ஃபாரோவுல வேலை கிடைச்சிருக்குடி. செப்டம்பர்ல போறேன்.”

ஆஸ்டா நின்றாள். “நீயா? போறியா?”

“ஏன், போறதுக்கு உனக்கு மட்டும்தான் லைசென்சா?”

“அப்போ யாரு…” என்று ஆரம்பித்து, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டாள். ஆனால் வாக்கியத்தின் மிச்சம் முகத்தில் எழுதியிருந்தது. அப்போது எனக்கு யார் பக்கத்தில் நிற்பது?

ரிக்கே படித்துவிட்டாள். வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் நடுவில், காலணிக்குள் தண்ணீர் களக் களக் என்று பேச, அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். ஏனென்றால் அவள் நீளமாகப் பேசியது அது ஒருமுறைதான்.

“ஆறு வருஷமா உன்னை நான் புள்ளியாத்தான் பார்த்தேன். ஃபோன் வரைபடத்துல நீலப் புள்ளி. இப்ப எங்க இருக்கா, நகருதா, நின்னுடுச்சான்னு. நீ ட்ரோனைத் தூக்கிட்டு வந்தப்போ, புள்ளியைப் பார்க்கற வேலைதானே, நமக்குப் பழக்கம்தானேன்னு வந்து நின்னேன். அது பரவாயில்ல. ஆனா நீ கப்பல் ஏறின ஒவ்வொரு தடவையும் நான் விளக்கு தாண்டற வரைக்கும் கையாட்டினேன். நீ ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்ல. கப்பலோட மூக்குல போய் நின்னுக்குவே. இப்ப நான் போறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சுவத்துல நின்னு கையாட்டு. விளக்கு வரைக்கும். நான் பார்க்கணும்.”

“ஆட்டுவேன் அக்கா. இதென்ன பெரிய விஷயம்?”

“பெரிய விஷயம்தான்.”

பாருங்கள், எவ்வளவு எளிதான வேலை. கை இருந்தால் போதும். மற்ற எந்த இனமாக இருந்தாலும் அன்று போய் நின்று ஆட்டிவிட்டு வந்திருக்கும். ஆனால் தொடங்கியவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தால், அதை எளிதாகச் செய்துவிடுவது அவமானம். எல்லாரும்தான் கையாட்டுவார்கள், தான் மட்டும் என்ன புதிதாகச் செய்வது? ஜூலை முழுக்க யோசித்தாள். ஆகஸ்டில் ஞானம் பிறந்தது. பிறந்தநாள் கேக்கில் குத்துகிற காகிதக் கொடி ஒன்றை ட்ரோனின் வாலில் ஒட்டி, கப்பலுக்குப் பக்கவாட்டில், பச்சை விளக்கு வரைக்கும், ஏன், விளக்கைத் தாண்டியும், அக்காவின் கூடவே பறந்துபோய் வழியனுப்புவது. சுவரில் நிற்கிறவர்களின் கை எட்டாத இடத்துக்குத் தன் கை எட்டும்! தீவின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு வழியனுப்பல் நடந்திருக்காது. அது மட்டும் உண்மை.

அக்காவிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

அந்த ஞாயிறன்று காலையில் ரிக்கே பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது, ஆஸ்டா வயலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து காப்பி குடிக்கலாம் என்று ரிக்கே ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் இரண்டு வாங்கி வைத்திருந்தாள். இரண்டையும் அவளே தின்றாள்.

துறைமுகத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு, “கப்பல்ல பின்பக்கம் வந்து நில்லு அக்கா, மறக்காதே” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே. பக்கத்தில் நிற்கிற ஆள்தானே கப்பலில் போகிறாள்? சாசேஜ் என்கிற சிவப்புத் தொத்திறைச்சி விற்கும் கூண்டுக்கடையிலிருந்து ட்ரோல்ஸ் என்பவனை இழுத்து வந்தாள். நல்லவன். கையில் வறுத்த வெங்காயக் கரண்டியோடு வந்து நின்றான்.

காற்று கடலிலிருந்து அடித்தது. கண்ணாடிக்குள் உப்புச்சாரல் படக்கூடாதென்று ஆஸ்டா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கடலுக்கும் கப்பலுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். படம் மூக்குக்கு முன்னால் தெரிகிறது, எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? தோளைப் பிடித்துத் திருப்ப அன்று யாரும் இல்லை.

கப்பல் ஊதியது. ட்ரோன் எழும்பியது. கொடி படபடத்தது.

“கண்ணுல இருக்கா?”

“இருக்கு. நல்லா அழறா” என்றான் ட்ரோல்ஸ்.

“அக்காவை இல்ல, ட்ரோனை!”

“ஓ! எங்க அது?”

சொல்லத்தான் வேண்டும், அழகாகப் பறந்தாள். அதுவரை அவள் பறந்ததிலேயே அதுதான் அழகு. கப்பலின் வெள்ளை விலா பக்கத்தில் ஓடியது. பின்பக்கக் கம்பி வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நீல மழைச்சட்டையில் ரிக்கே. ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் ட்ரோனைப் பார்த்து இல்லை. ட்ரோனுக்கு அப்பால் எதையோ பார்த்து. வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, மறுகோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, அவள் கண் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“இங்க அக்கா! இங்க பாரு! நான் இங்க இருக்கேன்!” என்று துறைமுகச் சுவரில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்டா கத்தினாள். வழியனுப்ப வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிடப்பட்டவள் பார்க்கவில்லை.

அப்படி எதைத்தான் பார்க்கிறாள்? ஆஸ்டா ட்ரோனைத் திருப்பினாள். கரை தெரிந்தது. வரிசையாக ஆடுகிற கைகள். ரொட்டிக்கடைக்காரரின் வெள்ளைத் தொப்பி. தூக்கிப் பிடித்த குழந்தைகள். நடுவில், எல்லாரும் கடலைப் பார்க்க, ஒருத்தி மட்டும் நாற்காலியில் கூனிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

யாரடா இந்தப் பைத்தியம் என்று இந்த முறை சிரிப்பு வரவில்லை.

அதே நொடியில் படம் கோடு கோடாகக் கிழிந்து, வெள்ளைப் புள்ளிகளாகப் பனி கொட்டி, அணைந்தது. கையேட்டில் பொடி எழுத்தில் இருந்ததுதான். முதுகைக் காட்டினால் தலையே மறைத்துவிடும். பதறிப்போய், வயலில் செய்வது போல மோட்டாரை நிறுத்தும் பொத்தானைத் தட்டினாள். கேக் கொடியோடு அது கல் மாதிரி கடலில் விழுந்ததை ட்ரோல்ஸ் மட்டும் பார்த்தான். “இப்பப் பார்த்துட்டேன்” என்றான்.

கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து திரும்பியபோது, கப்பல் பச்சை விளக்கைத் தாண்டியிருந்தது. கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. ஆட்கள் காப்பி குடிக்கக் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்டா ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். பிறகு இரண்டு கையையும். எம்பியபோது காலில் பட்டு நாற்காலி சுவரிலிருந்து உருண்டு தண்ணீரில் விழுந்தது; அவள் நிறுத்தவில்லை.

“தாண்டிடுச்சு, ஆஸ்டா” என்றான் ட்ரோல்ஸ்.

அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கப்பல் சோப்புக்கட்டி அளவாகி, பல்லளவாகி, புள்ளியாகி, அதுவும் கரையும்வரை. தீவுக்காரர்கள் பண்புள்ளவர்கள், யாரும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள எல்லாரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள்.

திருந்திவிட்டாள் என்று எதிர்பார்க்கிறீர்களா? அக்டோபரில் புது ட்ரோன் வந்தது. கையேட்டை முழுக்கப் படித்தாள்; அதை வேண்டுமானால் திருந்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுகளில் ட்ரோல்ஸ் வெங்காய வாடையோடு பக்கத்தில் நின்றான். ட்ரோன் போகிற பக்கமெல்லாம் அவளே நாற்காலியை நகர்த்தித் திரும்பிக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க அக்காவும் தங்கையும் ஃபோனில் பேசினார்கள். ஆட்டிறைச்சியைக் காற்றில் உலர்த்துவது, மூடுபனி, ஒரே வாரத்தில் பிறந்த நான்கு குழந்தைகள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ரிக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்டாவும் கேட்கவில்லை. நீ பார்த்தாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று, ஒவ்வொரு முறையும் நுனிநாக்குவரை வந்ததை விழுங்கிவிட்டு, அங்கே மழையா என்று கேட்டாள். அங்கே எப்போதும் மழைதான்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த வாசகரே, உங்களிடம் ட்ரோன் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை, இது யாரோ குளிர்தேசத்துப் பெண்ணின் கூத்து, அப்படித்தானே? நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பக்கத்தில் யாராவது வந்து நின்றார்களா? ஏதோ சொன்னார்களா? தலையை நிமிர்த்தாமலே, “இதோ, இந்தப் பக்கம் முடியட்டும்” என்று சொன்னீர்களா? திரும்பிப் பாருங்கள். இன்னும் நிற்கிறார்களா?

மே மாதத்தில், வயலெல்லாம் கடுகுப்பூ மஞ்சளாகக் கிடந்த ஒரு மதியம், ட்ரோல்ஸ் அண்ணாந்தபடியே, “உன் ஃபோன் அடிக்குது” என்றான். “அப்புறம்” என்றாள் ஆஸ்டா. “ரிக்கேகிட்டேருந்து மெசேஜ்” என்றான். பாதி பேட்டரி மீதமிருக்க அவள் ட்ரோனை இறக்கினாள். அப்படி ஒன்று அதற்கு முன்னால் நடந்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள்.

‘இன்னைக்கு இங்க முதல் தடவையா ஒருத்தரைக் கப்பல் ஏத்தி அனுப்பினேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, உன்கிட்ட சொல்லவே இல்லைன்னு. அன்னைக்குத் தொலைநோக்கி எடுத்துட்டுப் போயிருந்தேன். கப்பல்ல உன் சட்டம் செல்லாதில்ல. முதல்ல ஒரு கை. அப்புறம் ரெண்டு கை. அப்புறம் நாற்காலி தண்ணிக்குள்ள போச்சு, எடுத்தியா? விளக்கு தாண்டியும் ஆட்டினே. எல்லாரும் போனப்புறமும் ஆட்டினே. கடைசி வரைக்கும் கண்ணுல இருந்தே.’